ஒரு நாள், ஒரு பேருந்து, மூன்று இடம்

ஐரோப்பாவைக் குழுவாகச் சுற்றிப் பார்க்கப் போகும் நம்மவர்களின் திட்டத்தில் பிரெஞ்சு ரிவியராவுக்கு ஒரு முழு நாள் கிடைப்பதே பெரிது. அந்த ஒரு நாளில் நீஸ் நகரம், ஏஸ் என்ற மலைக் கிராமம், மொனாக்கோ, மான்டே கார்லோவின் சூதாட்ட மாளிகை, ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலை, எலுமிச்சைக்குப் பெயர்போன மாந்தோன், போதாக்குறைக்குத் திரைப்பட விழா நடக்கும் கான் என ஆறேழு பெயர்கள் அச்சாகியிருக்கும். தாளில் பார்க்கும்போது கொடுத்த பணத்துக்கு நிறைவாகவே தோன்றும். மாலையில் ஹோட்டலுக்குத் திரும்பும்போது செல்போனில் நூறு படங்கள் இருக்கும். எந்தப் படம் எந்த ஊர் என்று சொல்லத் தெரியாது. பழி வழக்கமாகப் பேருந்தின் தலையில்தான் விழும். “கூட்டத்தோடு போனால் அப்படித்தான், தனியாகப் போயிருக்க வேண்டும்” என்பார்கள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கடற்கரைக்குக் குழுப் பேருந்து நன்றாகவே பொருந்துகிற வாகனம். நாளைக் கெடுப்பது நிறுத்தங்களின் எண்ணிக்கை. இறங்கும் இடம் மூன்றைத் தாண்டினால், மிச்சமுள்ள இடங்களையும் சேர்த்தே இழக்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். நீஸிலிருந்து இத்தாலிய எல்லையை ஒட்டிய மாந்தோன் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஆல்ப்ஸ் மலை இங்கே சமவெளி எதையும் விட்டுவைக்காமல் நேராகக் கடலில் இறங்குகிறது. அதனால் மலையின் இடுப்பைச் செதுக்கி மூன்று அடுக்குகளாகச் சாலை போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் கோர்னிஷ் என்றே பெயர். மேலடுக்கு நெப்போலியன் காலத்தில் போட்டது, பழைய ரோமானியப் பாதையை ஒட்டியே பல இடங்களில் செல்கிறது, சில இடங்களில் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அந்த உயரத்தில் லா துர்பி என்ற ஊரில், ஆல்ப்ஸ் பழங்குடிகளை ரோமாபுரி அடக்கியதைக் கொண்டாட அகஸ்டஸ் பேரரசருக்குக் கி.மு. 6 வாக்கில் எழுப்பிய வெற்றித் தூண் பாதி இடிந்து நிற்கிறது. தோற்ற 45 குழுக்களின் பெயர்களையும் அதில் பொறித்திருந்தார்கள். நடு அடுக்கு 1928-இல் முடிந்தது. ஏஸ் கிராமத்தைத் தொட்டுச் செல்வது இதுதான். கீழடுக்கு கடலோரமாக ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புறப்படுகிறது, நெரிசலும் அங்கேதான். இவை மூன்றும் போதாதென்று, மலைக்குப் பின்புறமாக ஏ8 என்ற சுங்கச்சாலையும் உண்டு. சுரங்கமும் பாலமுமாக விரைந்து போய்விடலாம், கடல் மட்டும் கண்ணில் படுவது அரிது. பயணத்திட்டத்தில் “ரிவியரா வழியாகப் பயணம்” என்று ஒரு வரி இருந்தால் எந்தச் சாலை வழியாக என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். சுங்கச்சாலையில் போனாலும் அந்த வரி பொய்யாகாது. பயணிக்குத்தான் கடல் கிடைக்காது.

இனி கணக்குக்கு வருவோம். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை பத்து மணி நேரம் நம் கையில் இருக்கிறது. பேருந்தில் 45 பேர், அவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் படியிறங்க எட்டு நொடி ஆனாலும் எல்லோரும் இறங்க ஆறு நிமிடம் போகும், ஏறுவதற்கும் அவ்வளவு. பிறகு தலை எண்ண வேண்டும், காணாமல் போன இருவரைத் தேட வேண்டும். கழிவறையைச் சொன்னால் கூச்சப்படுவார்கள், ஆனால் ஒரு குழுவின் நாளை அதைப்போல் தின்பது வேறொன்றில்லை. சின்ன ஊர் ஒன்றின் பொதுக் கழிவறையில் இரண்டே அறைகள் இருந்து, ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆனால், 45 பேருக்கு முக்கால் மணி நேரம். எல்லோரும் போகமாட்டார்கள் என்று தள்ளுபடி செய்து பார்த்தாலும், ஒரு நிறுத்தத்துக்கு அரை மணி நேரம் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. ஆறு நிறுத்தம் என்றால் மூன்று மணி நேரம் அப்படிப் போகும். ஓட்டத்துக்கு இரண்டே முக்கால் மணி, சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி கழித்தால் மிஞ்சுவது மூன்று மணி. ஊருக்கு அரை மணி. மூன்று நிறுத்தம் மட்டும் வைத்தால் இழப்பு ஒன்றரை மணிக்கு இறங்குகிறது, ஓட்டமும் இரண்டு மணிக்குக் குறைகிறது, மிஞ்சுவது ஐந்தேகால் மணி. ஊருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்! நிறுத்தத்தைப் பாதியாக்கினால் ஓர் ஊரில் இருக்கும் நேரம் மூன்றரை மடங்காகிறது என்பதை எந்த விளம்பரத்தாளும் சொல்வதில்லை.

அரை மணிக்கும் ஒன்றேமுக்கால் மணிக்கும் உள்ள வேறுபாட்டை ஏஸ் கிராமத்தில் வைத்துப் பார்க்கலாம். கடலுக்கு மேலே 400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒரு பாறை முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது அந்த ஊர். பேருந்து கீழே சாலையோரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து கல் பாவிய சந்துகளில் ஏற வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கத்தான் வேண்டும். உச்சியில் இருந்த கோட்டையைப் பதினான்காம் லூயியின் படை 1706-இல் தகர்த்தது. அந்த இடிபாட்டின் மேல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கள்ளியும் கற்றாழையும் நட்டுத் தோட்டமாக்கினார்கள். இந்த ஊரின் பெருமை முழுவதும் அந்த உச்சியில்தான் இருக்கிறது. அங்கே நின்றால் காலடியில் கூரைகள், அதற்கும் கீழே நேர்செங்குத்தாகக் கடல். அரை மணி நேரத்தில் வந்தவர்கள் கடை வரிசை உள்ள முதல் இரண்டு சந்துகளோடு திரும்பிவிடுவார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் அதுவும் ஏறாமல் பேருந்துக்கு அருகிலேயே நின்றுவிடுவார்கள். ஏஸ் பார்த்தாயிற்று என்று பட்டியலில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

மொனாக்கோவில் நிலைமை வேறு. வெளியூர்ப் பேருந்துகளுக்கு அரண்மனை இருக்கும் பாறைக்கு மேலே அனுமதி இல்லை. பாறையின் அடியில் குடைந்த நிறுத்தகத்தில் விட்டு, மின்தூக்கியிலும் நகரும் படியிலும் மேலே வர வேண்டும். வெளியே வந்தால் முதலாம் ஆல்பர்ட் இளவரசர் கட்டி 1910-இல் திறந்த கடலியல் அருங்காட்சியகம். அங்கிருந்து தேவாலயத்தைக் கடந்து அரண்மனைச் சதுக்கம் வரை நடக்க வேண்டும். அரண்மனைக் காவலர் மாறும் சடங்கு காலை 11.55-க்கு நடப்பதால், சுற்றியுள்ள எல்லாக் குழுக்களும் அந்த வேளைக்குக் குறிவைத்து வந்து குவிகின்றன. அந்தச் சில நிமிடச் சடங்குக்காகக் கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, அதே நேரத்தை அருங்காட்சியகத்தின் மீன் தொட்டிகளுக்குக் கொடுக்கலாம் என்பேன். சூதாட்ட மாளிகை துறைமுகத்துக்கு எதிர்ப்புறக் குன்றில் இருக்கிறது. அதற்கு மறுபடியும் பேருந்து ஏறி இறங்க வேண்டும். ஆக “மொனாக்கோ, மான்டே கார்லோ” என்று ஒரே மூச்சில் அச்சடித்திருப்பது நடைமுறையில் இரண்டு நிறுத்தம்.

நேரம் முடிந்தது என்று டூர் மேனேஜர் அவசரப்படுத்தும்போது பயணிகள் கோபப்படுவது இயல்பு. அந்த அவசரத்தின் பின்னே ஒரு சட்டம் இருப்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு 561-ஆம் எண் விதிப்படி, சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் ஒன்பது மணியைத் தாண்டக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி வரை போகலாம். நாளொன்றுக்குத் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும்; அதையும் வாரத்தில் சில தடவை மட்டுமே ஒன்பது மணி வரை குறைக்க முடியும். 2024-இல் சுற்றுலாப் பேருந்துகளுக்குக் கொஞ்சம் தளர்த்தி, அந்த 45 நிமிடத்தைப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத இரண்டு துண்டுகளாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லாவற்றையும் டேக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்கிறது. காவல்துறை எந்த இடத்திலும் நிறுத்திப் பார்க்கலாம். காலை ஏழரைக்கு வேலை தொடங்கிய ஓட்டுநர், வழக்கமான ஓய்வு விதிப்படி, இரவு எட்டரைக்குள் வேலையை முடித்தாக வேண்டும். அவர் பிடிவாதக்காரர் இல்லை. 45 உயிர்களைச் செங்குத்து மலைச் சாலையில் கொண்டுபோகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக எழுதிய விதி அது. அதை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு: காலையில் மொனாக்கோவைக் காட்டி, அதே நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி பீசா கோபுரத்துக்கும் கொண்டுசேர்ப்பதாகத் திட்டம் போடுகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை லேசாகத் தள்ள முடியாது. “லட்சக்கணக்கில் செலவு செய்து, விசாவுக்கு அலைந்து, வாழ்நாளில் ஒரு தடவை வருகிறோம். இன்னொரு முறை வருவோமா தெரியாது. மூன்று ஊரைப் பார்த்துவிட்டு மற்றவற்றை எப்படி விடுவது?” ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து வரும் தம்பதியின் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் பதில் இது: விட வேண்டியது இறங்குவதை மட்டும்தான். இந்தக் கடற்கரையில் ஓடும் பேருந்தின் ஜன்னலே நல்ல காட்சி மேடை. நடு அடுக்குச் சாலையில் போகும்போது வில்ஃபிரான்ஷ் விரிகுடா முழுவதும் கீழே விரிகிறது. அதில் நங்கூரமிட்ட கப்பல்களையும் ஃபெர்ரா முனையின் பைன் மரங்களையும் இறங்காமலே பார்க்கலாம். நீஸிலிருந்து கிழக்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும், திரும்பும்போது இடப்பக்கம். எனவே போகும்போது ஒரு பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பும்போதும் அதே பக்கத்தில் உட்கார வைத்தாலே இரு பக்கத்தாருக்கும் கடல் கிடைத்துவிடும். பேருந்து ஓடும்போது இருக்கை வார் போட்டுக்கொள்வது ஐரோப்பாவில் கட்டாயம், எழுந்து நின்று படமெடுக்க முடியாது. அதனால் இந்தச் சின்ன ஏற்பாடு கூடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒலிவாங்கியில் நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் இருந்தால், ஜன்னலுக்கு வெளியே தனித்தனியாகத் தெரியும் ஊர்கள் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும். நீஸ் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது 1860-இல்தான், அதற்கு முன் சார்டீனிய அரசின் ஊர். இத்தாலியை ஒன்றாக்கிய கரிபால்டி பிறந்தது இங்கேதான். மாந்தோனும் பக்கத்து ரோக்புருனும் மொனாக்கோவின் எலுமிச்சைத் தோப்புகளாக இருந்தவை. வரிச்சுமை தாங்காமல் 1848-இல் பிரிந்தன. 1861-இல் மொனாக்கோ இளவரசர் அவற்றின் மீதான உரிமையை 40 லட்சம் ஃபிராங்குக்குப் பிரான்சிடம் விட்டுக்கொடுத்தார். நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பாறையோடு நின்ற நாட்டுக்கு வருமானத்துக்கு என்ன வழி? 1863-இல் ஃபிரான்சுவா பிளான் என்ற தொழிலதிபர் சூதாட்ட உரிமையை எடுத்தார், 1868-இல் ரயில் வந்தது, 1869-இல் குடிமக்களுக்கு வரியே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பணம் கொட்டியது. இன்று அந்தச் சின்ன இடத்தில் அடுக்குமாடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதற்கும், பக்கத்து மாந்தோன் எலுமிச்சை மணத்தோடு அமைதியாக இருப்பதற்கும் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு இறங்குகிறவர் பார்க்கும் மொனாக்கோ வேறாகத்தான் இருக்கும்.

குழுவாகப் போவதே மட்டம் என்ற இளக்காரம் புதிதல்ல. தாமஸ் குக் 1864-இல் ஆங்கிலேயக் குழுக்களை இத்தாலிக்கு அழைத்துப் போகத் தொடங்கியபோது, இதே கடலோரத்தில் லா ஸ்பெசியா என்ற துறைமுகத்தில் பிரிட்டிஷ் துணைத்தூதராக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர் அடுத்த ஆண்டே புனைபெயரில் வசைபாடி எழுதினார். வந்து இறங்குகிறவர்களை மந்தை என்றார், நாடு கடத்த வேண்டிய கைதிகளை இங்கே தள்ளிவிடுகிறார்கள் என்றுகூடக் கதை கட்டினார். அவருக்கு உறுத்தியது தம் தரத்துக்குக் கீழானவர்கள் தம் கடற்கரைக்கு வந்துவிட்டது. ரிவியரா அதுவரை குளிர்காலத்தில் செல்வந்தர்களும் அரச குடும்பத்தாரும் தங்கும் இடமாக இருந்தது. விக்டோரியா மகாராணியே நீஸின் சிமியே குன்றில் வந்து தங்கியவர். பிரான்சின் சொந்தத் தொழிலாளிகளுக்கே இந்தக் கடல் எட்டியது 1936-இல்தான். அந்த ஆண்டு மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கி, ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 தள்ளுபடியும் கொடுத்தது. மொழி தெரியாத, வெளிநாட்டு ரயில் நிலையத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் திகைக்கிற, துணைக்கு ஆளில்லாத ஒரு பெண்மணி இன்று இந்தக் கடலைப் பார்க்கிறார் என்றால் அது குழுப் பேருந்தால்தான். அதை இகழ்கிறவர்கள் யாரை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ரயில் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், நீஸிலிருந்து மாந்தோனுக்குச் சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், செலவும் குறைவு. கால் வலுவும் துணிவும் உள்ள இளைஞர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் ஏஸ் ரயில் நிலையம் கடலோரத்தில் இருக்கிறது, கிராமமோ 400 மீட்டர் மேலே. இடையில் இருக்கும் மலைப்பாதை தத்துவஞானி நீட்சே நடந்த பாதை என்று புகழ்பெற்றது. ஏற ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அறுபத்தைந்து வயதுக்காரரை அந்த ஏற்றத்தில் அனுப்ப முடியாது. மாற்றுப் பேருந்து பிடித்துப் போகலாம் என்றாலும், அதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களின் குறை இதைவிடக் கனமானது. ஒரே நேரத்தில் 45 பேர் இறங்கி, சந்துகளை அடைத்து, ஒரு காபிகூட வாங்காமல் போகிறார்கள் என்கிறார்கள். எல்லோரும் ஒன்றாக இறங்குவதால் வரும் தொல்லையை மறுக்க முடியாது. அதே 45 பேர் காருக்கு மூன்று பேராக வந்திருந்தால் அந்த மலைச் சாலையில் 15 கார்கள் நிறுத்த இடம் தேடிச் சுற்றியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காபி வாங்காததற்குக் காரணம் கஞ்சத்தனமா, நேரமின்மையா? அரை மணி நேரத்தில் காபிக்கு உட்கார்ந்தால் ஊரைப் பார்க்க முடியாது. நேரம் கொடுத்தால் அந்த ஊருக்கும் வருமானம் போகும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். நேரமில்லாத நாளில் மதியம் எங்கேயோ நிறுத்தி, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். கொஞ்சம் நேரமிருந்தால் நீஸின் பழைய நகரில் சோக்கா சாப்பிடலாம். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருக்கும்போது சுரண்டியெடுத்து மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் தருகிறார்கள். சைவர்களுக்கு இதைவிட நம்பகமான உணவு அந்த ஊரில் அரிது. பக்கத்திலேயே விற்கும் பான் பாஞா என்ற ரொட்டியில் சூரை மீனும் முட்டையும் இருக்கும், வெங்காயம் பரப்பிய பிஸலாதியேரில் நெத்திலி இருக்கும். இரண்டும் பார்க்கக் காய்கறிப் பண்டம் போலவே தெரியும் என்பதால் கேட்டு வாங்குவது நல்லது. வாசனைத் திரவியத் தொழிற்சாலையையும் ஒரேயடியாகக் கழிக்க மாட்டேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, நிறுத்த இடமும் சுத்தமான கழிவறையும் இருக்கும், பூவிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையை விளக்குவார்கள். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் போகும், வெளியேறும் வழி கடைக்குள் இருக்கும். அதை வைப்பதானால் மூன்றில் ஒன்றாக வைக்க வேண்டும், நான்காவதாக அல்ல.

மூன்று இடம் எவை என்றால், என் தேர்வு இது. காலை எட்டரைக்கு நடு அடுக்குச் சாலையில் கிளம்பி, கூட்டம் சேருமுன் ஒன்பது மணிக்கு ஏஸ். அங்கிருந்து மொனாக்கோவின் பாறை, அங்கேயே சாப்பாடு. பிற்பகலில் மாந்தோன், ஏஸில் ஏற முடியாமல் கீழே நின்றவர்களுக்கு இந்த ஊர் ஈடுகட்டும், ஏனென்றால் கடலோர நடைபாதை நெடுகச் சமதளம், உட்கார இருக்கைகளும் உண்டு. இரவு தங்குவது நீஸில் என்றால் அந்த நகருக்குத் தனி நிறுத்தமே வேண்டாம். ஹோட்டலிலிருந்து நடந்தே கடற்கரைச் சாலைக்குப் போய்விடலாம். அங்கே மணல் கிடையாது, உருண்டைக் கூழாங்கல்தான். கால் வைத்ததும் ஆழம் வந்துவிடும், குழந்தைகளோடு போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கானுக்குப் போவது எதிர்த்திசையில். ஒரே நாளில் இரு திசையையும் சேர்ப்பது வேண்டவே வேண்டாம்.

பயணத்திட்டம் போடுகிறவர்கள் பெயர்களை அடுக்குவது நாம் பெயர்களை எண்ணிப் பார்த்து வாங்குவதால்தான். ஏழு ஊர் காட்டுகிறவருக்கும் மூன்று ஊர் காட்டுகிறவருக்கும் ஒரே விலை என்றால் நாம் ஏழு ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த முறை முன்பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: இந்த நாளில் பேருந்தை விட்டு இறங்கி நடக்க எங்களுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு, போவது கோர்னிஷ் சாலையிலா சுங்கச்சாலையிலா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.